போர்ச்சுக்கீசியர் கள்ளிக்கோட்டை வந்து சேர 83 ஆண்டு ஆனது ஏன்?

கேள்வி இது: "1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார்கள், மிளகு வரும் வழி அடைபட்டது, அதனால் ஐரோப்பியர் கடல்வழி தேடிக் கிளம்பினார்கள் என்று பள்ளியில் படித்தோம். அது சரிதானா? சரியென்றால் ஆப்பிரிக்காவைச் சுற்றிவர அவர்களுக்கு ஏன் அவ்வளவு காலம் பிடித்தது?"

முதல் பாதிக்கு ஆண்டுகளே பதில் சொல்லிவிடும். மொராக்கோக் கரையிலிருந்த சியூட்டா நகரத்தைப் போர்ச்சுகல் பிடித்தது 1415 ஆகஸ்டில். மேற்கு சகாராக் கரையிலுள்ள போஹடோர் முனையைத் தாண்டியது 1434-இல். கான்ஸ்டான்டிநோபிள் விழும்போது அவர்கள் கப்பல்கள் செனகல் ஆற்றையும் கடந்து போய்க்கொண்டிருந்தன. நடக்காத நிகழ்ச்சிக்குப் பயந்து யாரும் 38 ஆண்டு முன்பே கிளம்பமாட்டார்கள். இன்னொன்று: ஐரோப்பாவுக்குப் போன மிளகில் பெரும்பகுதி செங்கடல், கெய்ரோ, அலெக்சாந்திரியா வழியாகத்தான் போனது. அந்த வழி எகிப்தின் மம்லூக் சுல்தான்கள் கையில் இருந்தது. துருக்கியர் எகிப்தைப் பிடித்தது 1517-இல், அதாவது வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்து 19 ஆண்டு கழித்து. வழி அடைபடவே இல்லை. கைமாறிக் கைமாறிப் போனதால் விலை ஏறியிருந்தது, வெனிஸ்காரர்கள் கொழித்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் எதற்காகக் கிளம்பினார்கள்? ஆரம்பத்தில் தங்கத்துக்காக. போர்ச்சுகல் அன்று சுமார் பத்து லட்சம் பேர் கொண்ட சிறிய நாடு. கோதுமை போதவில்லை, நாணயத்துக்கு மதிப்புக் குறைந்துகொண்டே வந்தது. நைஜர், செனகல் ஆறுகளின் மேற்பகுதியில் எடுத்த தங்கம் ஒட்டகங்களில் சகாராவைக் கடந்து மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்கு வந்தது. அந்த வழியின் முனைகளில் ஒன்று சியூட்டா. ஊரைப் பிடித்தால் தங்கமும் வரும் என்று கணக்குப் போட்டார்கள். ஊர் கைக்கு வந்தது, ஒட்டக வணிகர்கள் வேறு துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டார்கள். மிஞ்சியது ஒரு கோட்டையும் அதைக் காக்கும் படைச்செலவும். பாலைவனத்தைக் கடந்து தங்கத்தின் ஊற்றுக்குப் போக முடியாதென்றால் கடல் வழியாகப் போய் அதன் பின்பக்கம் இறங்கலாமே என்ற எண்ணம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

இதை முன்னின்று நடத்தியவர் இளவரசர் ஹென்ரிக். ஆங்கிலத்தில் 'மாலுமி ஹென்றி' என்பார்கள். அவர் மொராக்கோவைத் தாண்டிக் கடலில் போனதே இல்லை. அந்தப் பட்டம் பிற்காலத்தார் ஒட்டியது. சாக்ரெஸ் என்ற இடத்தில் அவர் மாலுமிப் பள்ளி நடத்தினார் என்பதற்கும் சான்று கிடையாது. அவரிடம் உண்மையில் இருந்தது பணம். கிறிஸ்துவின் சபை என்ற போர்த்துறவியர் அமைப்புக்கு 1420 முதல் அவர் தலைவர். அதன் வருமானம் கப்பல் விட உதவியது. பாய்களில் வரைந்த சிவப்புச் சிலுவை அந்தச் சபையின் சின்னம்.

அவருடைய நோக்கங்களைச் சூராரா என்ற அரசவை வரலாற்றாசிரியர் பட்டியலிட்டிருக்கிறார். முனைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறிவது, வணிகம் செய்யக் கிறிஸ்தவத் துறைமுகங்கள் உண்டா என்று பார்ப்பது, முஸ்லிம்களின் பலம் எதுவரை என்று கணிப்பது, அவர்களுக்கு எதிராகத் துணை நிற்கும் கிறிஸ்தவ அரசன் யாராவது உண்டா என்று தேடுவது, மதம் பரப்புவது. ஆறாவதாக ஒன்றைச் சொல்லி, மற்ற ஐந்துக்கும் வேர் அதுதான் என்கிறார்: இளவரசரின் ஜாதகம். நம்மூர் ஜோசியர்கள் சந்தோஷப்படலாம். நான்காவதாகச் சொன்ன அரசன்தான் பிரெஸ்டர் ஜான் என்று ஐரோப்பா நம்பிய ஆள். அப்படியொருவர் இருந்ததில்லை, எத்தியோப்பியாவில் ஒரு கிறிஸ்தவ அரசு இருந்தது, அதன் நிழல்தான் இந்தக் கதை. பட்டியலில் மிளகு கிடையாது. இந்தியா என்பது தெளிவான இலக்காக மாறியது 1481-இல் அரியணை ஏறிய இரண்டாம் ஜோவான் காலத்தில்தான்.

பட்டியலில் இல்லாத இன்னொரு பொருளும் உண்டு, மனிதர்கள். 1444 ஆகஸ்டில் போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர்களை இறக்கி, ஒரு வெளியில் நிறுத்திப் பங்கு பிரித்தார்கள். பங்கு சமமாக வரவேண்டும் என்பதற்காகத் தாயை ஒரு பக்கமும் பிள்ளையை ஒரு பக்கமும் பிரித்ததைச் சூராராவே எழுதுகிறார். ஹென்ரிக் குதிரைமேல் இருந்தபடி தன் ஐந்தில் ஒரு பங்கான 46 பேரைப் பெற்றுக்கொண்டார். அதுவரை "வீண் செலவு" என்று முணுமுணுத்த ஊர், அதற்குப் பிறகு கப்பல் விட உரிமம் கேட்டு வரிசையில் நின்றது. தேடல் தொடர்ந்ததற்கு இந்தக் கொடுமையான வருமானமும் மதெய்ரா தீவின் சர்க்கரையும் முக்கியமான காரணம். இதைச் சொல்லாமல் 'ஆர்வமும் துணிவும்' என்று மட்டும் எழுதினால் அது பாதி வரலாறு.

1469-இல் அரசர் வேலையைக் குத்தகைக்கே விட்டார். ஃபெர்னாவோ கோமெஸ் என்ற லிஸ்பன் வணிகர் ஆண்டுக்கு 2 லட்சம் ரெய்ஸ் கட்டவேண்டும். அத்தோடு ஆண்டுக்கு 100 லீக், அதாவது சுமார் 600 கி.மீ., புதுக் கரை கண்டுபிடிக்கவேண்டும். பதிலாகக் கினியாக் கரையின் வணிகம் முழுவதும் அவருக்கு. 1471-லேயே இன்றைய கானாவில் தங்கம் கிடைக்கும் கரையைப் பிடித்துவிட்டார்கள். 1482-இல் அங்கே எல்மினா கோட்டை எழுந்தது; செதுக்கிய கற்களையும் அளவெடுத்து அறுத்த மரங்களையும் லிஸ்பனிலிருந்தே கப்பலேற்றிக் கொண்டுபோய் அடுக்கினார்கள். இந்தியப் பயணத்துக்கான மூலதனம் இங்கேதான் சேர்ந்தது.

இனி இரண்டாம் பாதி. காலம் பிடித்ததற்குக் காரணம் பயம் என்று சொல்வது வழக்கம்: கடல் கொதிக்கும், உலகம் தட்டையானது, விளிம்பில் விழுந்துவிடுவோம் என்றெல்லாம். படித்தவர்கள் யாரும் அன்று உலகம் தட்டை என்று நினைக்கவில்லை. போஹடோர் முனையைத் தாண்டத் தயங்கிய மாலுமிகளின் வாதம் மிக நடைமுறையானது: அங்கே கரையிலிருந்து ஒரு லீக் தூரத்தில்கூட ஆழம் ஓர் ஆள் உயரம்தான், நீரோட்டம் தெற்கே இழுக்கிறது, போனால் திரும்பமுடியாது. கடைசிச் சொல்தான் முக்கியம். அந்தக் காலத்துக் கடலோட்டத்தில் போவது பெரிய காரியமே இல்லை. திரும்பி வருவதுதான் வித்தை.

ஏன் என்று பார்ப்போம். போர்ச்சுகலிலிருந்து செனகல் வரை கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. கனேரி நீரோட்டமும் அதே திசையில், தெற்கே ஓடுகிறது. பாயை விரித்தால் போதும், கப்பல் தானாக வழுக்கிக்கொண்டு போகும். காமா 1497 ஜூலை 8-இல் லிஸ்பனை விட்டு 15-இல் கனேரித் தீவுகளைப் பார்த்துவிட்டார். அதே கரையோரமாக வடக்கே திரும்பினால் காற்றும் எதிர், ஓட்டமும் எதிர். சதுரப் பாய் கட்டிய கப்பல் காற்று வரும் திசைக்குச் செங்குத்தாக ஓடுவதே பெரும்பாடு. பகலெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக ஓடி மாலையில் பார்த்தால் காலையில் நின்ற இடத்துக்கே வந்திருக்கும், சில நாள் அதற்கும் கீழே போயிருக்கும். வலது பக்கம் தண்ணீரில்லாத பாலைக்கரை. பீப்பாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி கேட்டால் கிறுக்குத்தனமாகத் தோன்றும்: வீடு வடகிழக்கே இருக்கிறது, கப்பலை வடமேற்கே விடு. கரையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, வடகிழக்குக் காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு நடு அட்லாண்டிக்குக்குள் வாரக்கணக்கில் போகவேண்டும். அசோரஸ் தீவுகள் இருக்கும் 38 பாகை அட்சரேகை அளவுக்கு ஏறினால் காற்று மாறும். அங்கே மேற்கிலிருந்து வீசும். அதைப் பிடித்தால் நேரே லிஸ்பன். இந்தப் பெரிய வளைவை 'கடல் திருப்பம்' என்ற பொருளில் அவர்கள் 'வோல்ட்டா டோ மார்' என்றார்கள். அசோரஸில் 1439 முதல் ஆட்களைக் குடியேற்றியதன் பயன் இங்கே தெரியும்: வளைவின் உச்சியில் தண்ணீரும் காய்கறியும் கிடைக்கும் சாவடி அது. கொலம்பஸும் 1492-இல் செய்தது இதேதான். கனேரியிலிருந்து வடகிழக்குக் காற்றில் மேற்கே போனார். திரும்பும்போது வடக்கே ஏறி மேற்குக்காற்றைப் பிடித்து 1493 பிப்ரவரியில் அசோரஸை அடைந்தார். புது நிலத்தைக் கண்டது பாதி வெற்றி, திரும்பும் காற்று எங்கே என்று தெரிந்திருந்தது மீதி.

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போனதும் எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பிவிடும். அங்கே காற்று தென்கிழக்கிலிருந்து, பெங்குவெலா நீரோட்டம் வடக்கே. ஆக ஆப்பிரிக்கக் கரையோரமாகத் தெற்கே போவதே எதிர்காற்றில் போவதாகும். டியோகோ கான் 1482-இல் காங்கோ ஆற்று முகத்தையும் அடுத்த பயணத்தில் இன்றைய நமீபியாவையும் தொட்டு, அரசச் சின்னம் பொறித்த கல்தூண்களை நட்டுவிட்டு வந்தார். கரையை ஒட்டி அங்குலம் அங்குலமாக ஏறிய பயணங்கள் அவை. 1487 ஆகஸ்டில் புறப்பட்ட பார்த்தொலொமேயு டியாஸ்தான் நமீபியக் கரைக்கருகே கரையை விட்டு நடுக்கடலுக்கு விலகினார். பல நாள் தெற்கே போய், பிறகு கிழக்கே திரும்பினார், நிலம் வரவில்லை. வடக்கே திரும்பினார், 1488 பிப்ரவரி 3-இல் தென்னாப்பிரிக்காவின் மோசல் விரிகுடாவில் கரை தென்பட்டது, அது கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நன்னம்பிக்கை முனையைப் பார்க்காமலேயே சுற்றிவிட்டார்! இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஆட்கள் இனி முடியாது என்று மறுத்துவிட்டார்கள். முனையைக் கண்ணால் கண்டது திரும்பும் வழியில்தான்.

அந்தப் பயணத்தில் ஒரு சிறு விவரம் உண்டு, தலைப்புகளில் வராதது. டியாஸ் உணவு ஏற்றிய ஒரு கப்பலை ஒன்பது பேரோடு வழியில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். மாதக்கணக்கில் கழித்துத் திரும்பியபோது மூன்று பேர்தான் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நண்பர்களைக் கண்ட மகிழ்ச்சியிலேயே உயிர்விட்டார் என்கிறது குறிப்பு. கப்பலைப் புழு அரித்திருந்தது, கொளுத்திவிட்டார்கள்.

அந்தப் புழு தனிப் பகை. புழுவென்று பெயர், உண்மையில் சிப்பி இனம். வெதுவெதுப்பான கடலில் பலகைக்குள் நுழைந்து உள்ளேயே சுரங்கம் தோண்டும். வெளியே ஊசித்துளைதான் தெரியும். உள்ளே பலகை கடற்பஞ்சாகிவிடும். மருந்து ஒன்றுதான். சில மாதத்துக்கு ஒருமுறை ஓதம் ஏறும்போது கப்பலைக் கரைக்குக் கொண்டுவந்து, நீர் வற்றியதும் ஒரு பக்கம் சாய்த்து, ஒட்டியிருக்கும் பாசியையும் சிப்பியையும் தீயால் பொசுக்கிச் சுரண்டி, பலகை இடுக்குகளில் சணல்நாரை அடித்து இறக்கி, மேலே கீல் பூசவேண்டும். நம் கடற்கரைத் தச்சர்கள் 'கலப்பற்று' என்று சொல்லும் வேலை அது. அந்தச் சொல்லும் போர்ச்சுக்கீசியர் வழி வந்ததுதான். சாய்த்துவைத்த கப்பல் ஓட முடியாது, சண்டை போடவும் முடியாது. ஆகவே பாதுகாப்பான, ஆளில்லாத கடற்கரை வேண்டும். காமா திரும்பும் வழியில், கார்வார் கரைக்கருகிலுள்ள அஞ்சதீவில் இதைச் செய்தார்.

கப்பலைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் 'காரவெல்தான் உலகத்தை மாற்றியது' என்று சுருக்கிச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. ஹென்ரிக்கின் முதல் பயணங்கள் பார்க்கா என்ற சிறு படகுகளில் நடந்தன. ஜில் எயானெஸ் 1434-இல் போஹடோரைத் தாண்டியது அதில்தான். காரவெல் பிறகு வந்தது. 50 அல்லது 60 டன் கொள்ளளவு, முக்கோணப் பாய், குறைந்த ஆழத்திலும் மிதக்கும் அடிப்பாகம். எதிர்காற்றில் மற்றவற்றைவிட நெருக்கமாக ஏறும், ஆற்று முகத்துக்குள் நுழையும். கரை தேட இதைவிடப் பொருத்தமான கலம் கிடையாது. ஆனால் முக்கோணப் பாயைத் தாங்கும் சாய்ந்த குறுக்குக்கழி மிக நீளம். திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைப் பாய்மரத்தின் மறுபக்கம் கொண்டுவரப் பல ஆட்கள் வேண்டும். பின்காற்றில் வாரக்கணக்கில் ஓட அது தொல்லை. எல்லாவற்றுக்கும் மேல், உள்ளே இடம் இல்லை. டியாஸ் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர். அதனால் காமாவுக்குக் கட்டிய சாவோ கேப்ரியல், சாவோ ரஃபேல் இரண்டையும் அவர் மேற்பார்வையில் சதுரப் பாய் கொண்ட, வயிறு பெருத்த கப்பல்களாகவே கட்டினார்கள். காற்றோடு சுற்றிப் போவதென்று முடிவான பிறகு, காற்றை எதிர்க்கும் கப்பல் எதற்கு?

வயிறு ஏன் பெருக்கவேண்டும் என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காமாவின் நான்கு கப்பல்களில் சுமார் 150 முதல் 170 பேர். 150 என்றே வைப்போம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர், 700 கிராம் காய்ந்த பிஸ்கட்டு, முக்கால் லிட்டர் ஒயின், உப்பிட்ட இறைச்சி, கொஞ்சம் எண்ணெயும் வினிகரும். நான்கு மாதத்துக்குத் தண்ணீர் மட்டும் 27,000 லிட்டர். 450 லிட்டர் பீப்பாய் என்றால் 60 பீப்பாய். (இந்தப் 'பீப்பாய்' அவர்கள் மொழியின் 'பீப்பா'தான்.) பிஸ்கட்டு 12 டன்னுக்கு மேல். இதற்கு மேல் ஒயின், விறகு, மாற்றுப் பாய், கயிறு, பீரங்கி. நான்காவது கப்பலே உணவுக்கென்று எடுத்துப்போனது. மோசல் விரிகுடாவில் சரக்கைப் பங்கிட்டபின் அதை உடைத்துப்போட்டார்கள். வெப்பத்தில் பீப்பாய்த் தண்ணீர் சில வாரத்தில் பச்சையாகி நாறும், பிஸ்கட்டில் வண்டு விழும், உப்பிறைச்சி தாகத்தை ஏற்றும். ஒன்றரை லிட்டர் என்பது வெயிலில் கயிறு இழுப்பவனுக்குப் பாதி வயிறுதான்.

அடுத்தது, நடுக்கடலில் நாம் எங்கே இருக்கிறோம் என்ற கேள்வி. கரையோரமென்றால் ஈயக்குண்டு போதும்: கயிற்றில் கட்டி இறக்கினால் ஆழம் தெரியும், குண்டின் அடியிலுள்ள குழியில் கொழுப்பைத் தடவி வைத்தால் மணலோ சேறோ சிப்பித்தூளோ ஒட்டிவரும், எந்தக் கரைப்பக்கம் என்று அனுபவசாலி சொல்லிவிடுவான். கரையை விட்டு விலகியதும் அது உதவாது. கடல் திருப்பம் என்ற உத்தி, வானத்தைப் படிக்கும் கலையை அவர்கள்மேல் சுமத்தியது.

முதலில் துருவ நட்சத்திரம். கால்வட்டத் தகடு ஒன்றை எடுத்து, விளிம்பிலுள்ள இரு துளைகள் வழியாக நட்சத்திரத்தைப் பார்க்கவேண்டும். தொங்கும் தூக்குநூல் எங்கே விழுகிறது என்று இன்னொருவன் படிப்பான். ஆரம்பத்தில் பாகை எண்களோடு இடப்பெயர்களையும் தகட்டிலேயே குறித்துவைத்தார்கள். லிஸ்பனில் நூல் விழுந்த இடம் இது, மதெய்ராவில் விழுந்த இடம் இது என்று. நடுக்கடலில் வடக்கே ஏறிக்கொண்டே போய், நூல் 'லிஸ்பன்' கோட்டில் விழுந்ததும் கிழக்கே திரும்பினால் வீடு வந்துவிடும். எளிமையான, அழகான முறை. தவறுகளும் உண்டு. அன்று அந்த நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து மூன்றரைப் பாகை விலகிச் சுற்றியது. அருகிலுள்ள விண்மீன்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்த்துத் திருத்தவேண்டும், மறந்தால் ஏறக்குறைய 400 கி.மீ. பிசகும். கப்பல் ஆடினால் நூலும் ஆடும். காமாவுக்கு அடுத்து 1500-இல் இந்தியாவுக்குக் கிளம்பிய காப்ராலின் கப்பற்படையோடு போன வானியலாளர் மேஸ்த்ரே ஜோவான், கடலில் இருந்து அளந்தால் நான்கைந்து பாகை தவறாமல் இருக்காது என்று அரசருக்கே எழுதினார். ஒரு பாகை 111 கி.மீ. என்று போட்டுப் பாருங்கள்.

நிலநடுக்கோட்டை நெருங்கியதும் துருவ நட்சத்திரம் கடலுக்குள் மூழ்கிவிடும். பிறகு சூரியன்தான். சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கும் தெற்குமாக நகர்வதால் ஒவ்வொரு நாளும் அது எங்கே நிற்கிறது என்ற அட்டவணை வேண்டும். அதைக் கணித்தவர் ஆப்ரஹாம் சக்கூத்தோ என்ற யூத வானியலாளர். 1492-இல் ஸ்பெயின் துரத்தியதால் போர்ச்சுகல் வந்தார். 1496-இல் அவருடைய அட்டவணை போர்ச்சுகலின் லெய்ரியா நகரில் அச்சானது. அதே ஆண்டு போர்ச்சுகலும் யூதர்களை வெளியேற்ற ஆணை போட்டது. அவர் கணக்கில் கப்பல் ஓடியது, அவருக்கு அந்நாட்டில் இடமில்லை.

பயன்படுத்தும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். காமா 1497 நவம்பர் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் செயின்ட் ஹெலினா விரிகுடாவில் இறங்கினார். ஆடும் தளத்தில் அளக்க நம்பிக்கையில்லாமல், ஆஸ்ட்ரோலேப் என்ற, சூரியனின் உயரம் அளக்கும் பெரிய மரக்கருவியைக் கரையில் முக்காலியில் தொங்கவிட்டு நண்பகலில் அளந்தார்கள். அந்த நாட்களில் சூரியன் ஏறத்தாழ 19 பாகை தெற்கே நிற்கும். நண்பகலில் சூரியன் வடக்குப் பக்கம் 76 பாகை உயரத்தில் தெரிந்தால், உச்சியிலிருந்து அது 14 பாகை விலகியிருக்கிறது. 19-உம் 14-உம் கூட்டினால் 33 பாகை தெற்கு. விரிகுடா இருக்கும் இடம் அதுவே. கூட்டவேண்டிய இடத்தில் கழித்துவிட்டால் 5 பாகை வரும், காங்கோப் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்வோம். எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது என்பதைப் படிப்பில்லாத மாலுமியும் தவறாமல் செய்ய விதிகளாக எழுதிக்கொடுத்தார்கள். தீர்க்கரேகை அளக்கும் வழி அப்போது கிடையாது. கிழக்கு மேற்குத் தூரமெல்லாம் ஊகம். நுரை ஓடும் வேகத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, அரைமணி மணற்கடிகாரத்தால் பெருக்குவார்கள்.

காமாவின் துணிச்சல் இந்தப் பின்னணியில்தான் புரியும். கேப் வெர்டே தீவிலிருந்து ஆகஸ்ட் 3-இல் கிளம்பி, ஆப்பிரிக்காவை விட்டு விலகித் தென்மேற்கே அட்லாண்டிக்கின் நடுவே வளைந்து, தெற்கேயுள்ள மேற்குக்காற்றைப் பிடித்து, நவம்பர் 4-இல் மீண்டும் நிலத்தைக் கண்டார். 93 நாள். கொலம்பஸ் கனேரியை விட்டு மறுகரை காண எடுத்தது 36 நாள். வடக்கே கற்ற கடல் திருப்பத்தை அப்படியே தெற்கே கவிழ்த்துப் போட்ட கணக்கு இது.

உடம்பு மட்டும் அந்தக் கணக்குக்கு ஒத்துழைக்கவில்லை. புதுக் காய்கனி இல்லாமல் இரண்டு மூன்று மாதம் போனால் வைட்டமின் சி தீர்ந்து ஸ்கர்வி வரும். 1498 ஜனவரியில் மொசாம்பிக் பக்கம் ஓர் ஆற்று முகத்தில் தங்கியபோது பலருக்குக் கையும் காலும் வீங்கின. ஈறு பல்லை மூடி வளர்ந்து சாப்பிட முடியாமல் போனது என்று பயண நாட்குறிப்பு சொல்கிறது. ஏப்ரலில் இன்றைய கென்யாவிலுள்ள மொம்பாசாவின் அரசர் ஆரஞ்சுப் பழங்கள் அனுப்பினார். நோயாளிகள் தேறினார்கள், அந்த ஊர்க் காற்று நல்ல காற்று என்று குறிப்பில் எழுதிவைத்தார்கள்! ஆனால் 1499 ஜனவரியில் அதே கரையிலுள்ள மலிந்திக்குத் திரும்பி வந்ததும் நோயாளிகள் ஏங்கிக் கேட்டது ஆரஞ்சைத்தான். புத்தகம் அறியாததை நாக்கு அறிந்திருந்தது. பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கியது 1795-இல்.

கள்ளிக்கோட்டையில் நடந்தது தமிழ் வாசகர்களுக்கு ஓரளவு தெரிந்த கதை, அதனால் சுருக்கமாக. மலிந்தியில் கிடைத்த ஒரு வழிகாட்டியோடு ஏப்ரல் 24-இல் கிளம்பி மே 18-இல் மலையாள மலைகளைப் பார்த்தார்கள். முதலில் கரைக்கு அனுப்பியது ஒரு தண்டனைக் கைதியை. ஆபத்தான இடங்களில் இறக்குவதற்கென்றே அத்தகையவர்களை ஏற்றி வருவார்கள். கரையில் அவனை எதிர்கொண்ட இரண்டு துனிஸ்காரர்கள் ஸ்பானிய மொழியிலேயே பேசினார்கள். எதைத் தேடி வந்தீர்கள் என்றதற்கு, கிறிஸ்தவர்களையும் வாசனைப் பொருட்களையும் என்றான். கள்ளிக்கோட்டை மன்னர் சாமூதிரிக்குக் காமா எடுத்துவைத்த பரிசு: 12 துண்டுக் கோடுபோட்ட துணி, 4 சிவப்புத் தலைமூடி, 6 தொப்பி, 4 சரம் பவளம், 6 கைகழுவும் பாத்திரம், சர்க்கரை ஒரு பெட்டி, எண்ணெயும் தேனும் இரண்டிரண்டு பீப்பாய். அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள், மெக்காவிலிருந்து வரும் ஏழை வணிகன்கூட இதைவிட நன்றாகக் கொடுப்பான் என்றார்கள். ஆப்பிரிக்கக் கரைக்காக எடுத்த பண்டம் அது. உலகின் பணக்காரச் சந்தை ஒன்றில் அதை விரித்தால் வேறென்ன நடக்கும்?

துறைமுக வரித் தகராறில் ஆகஸ்ட் 29-இல் கோபமாகக் கிளம்பினார். 80 ஆண்டு அட்லாண்டிக்கில் கற்ற பாடம் இந்தியப் பெருங்கடலில் செல்லவில்லை. இங்கே காற்று இடத்தால் மாறுவதில்லை, மாதத்தால் மாறும். வாடை நிலைத்தபிறகு மேற்கே போவது மலபாரில் கடலறிந்த யாருக்கும் தெரிந்த சேதி. காமா காத்திருக்கவில்லை. வரும்போது 24 நாளில் கடந்த கடலைத் திரும்பும்போது அக்டோபர் 5 முதல் ஜனவரி 2 வரை, 89 நாள், காற்றில்லாமலும் எதிர்காற்றிலும் அலைந்து கடந்தார். அந்தக் கடப்பில் மட்டும் 30 பேர் செத்தார்கள். கப்பலுக்கு ஏழெட்டுப் பேர்தான் எழுந்து நின்று வேலை செய்யும் நிலையில் இருந்தார்கள். மூன்று கப்பலை ஓட்ட ஆளில்லாததால் சாவோ ரஃபேலை ஆப்பிரிக்கக் கரையில் கொளுத்தினார்கள். 1499-இல் லிஸ்பன் திரும்பியவர்கள் சுமார் 55 பேர்.

திரும்பிய காமா, 1500 மார்ச்சில் 13 கப்பல்களோடு கிளம்பவிருந்த காப்ராலுக்கு வழிக்குறிப்பு எழுதிக்கொடுத்தார். அதன் வரைவு இன்றும் இருக்கிறது. நான்கு மாதத்துக்குத் தண்ணீர் கையிலிருந்தால் கேப் வெர்டேயில் நிற்கவேண்டாம். காற்று பின்னாலிருக்கும்வரை தெற்கே போங்கள். விலகவேண்டி வந்தால் தென்மேற்கே விலகுங்கள். நன்னம்பிக்கை முனை நேர்கிழக்கே வரும் அட்சரேகைக்கு இறங்கியதும் கிழக்கே திரும்புங்கள். காப்ரால் அப்படியே தென்மேற்கே விலகினார். ஏப்ரல் 22-இல் பிரேசில் எதிரே வந்தது. அங்கிருந்து முனையை நோக்கிக் கிழக்கே திரும்பிய படையை மே மாதம் ஒரு புயல் பிடித்தது. நான்கு கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின. அவற்றில் ஒன்றின் தலைவர் பார்த்தொலொமேயு டியாஸ்.